வாய்க்கால் ஏன் வளைந்து போகிறது?

சத்தியமங்கலம் பக்கத்திலே கீழ்பவானி வாய்க்காலைப் பார்க்கிறவர்கள், "நேரா வெட்டியிருந்தா தூரம் குறையுமேங்க, ஏன் இப்படிச் சுத்திச் சுத்திப் போகுது?" என்று கேட்பதுண்டு. அந்தக் கேள்வியிலே நம் பாசனத்தின் சரித்திரமே இருக்கிறது.

வீடு கட்டும் கொத்தனாரைப் பாருங்கள். நீளமான குழாயில் தண்ணீர் நிரப்பி, இரு முனையையும் இரண்டு சுவரில் பிடிப்பார். இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். வாய்க்கால் வெட்டுகிறவரும் அந்த மட்டத்தைத்தான் தேடுகிறார். மேடு வந்தால் சுற்றி, பள்ளம் வந்தால் வளைந்து, கொஞ்சங் கொஞ்சமாக இறங்க வேண்டும். சரிவு கூடினால் கரை அரிக்கும். குறைந்தால் வண்டல் தங்கும். இழந்த உயரம் திரும்பக் கிடைக்காது. வாய்க்காலுக்கு மேலே உள்ள காடு மேட்டாங்காடுதான்.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். பவானி ஊரருகே 13-ஆம் நூற்றாண்டில் எழுந்தது காலிங்கராயன் அணை. அதன் வாய்க்கால் 56 மைல் வளைந்து போய் நொய்யலில் சேருகிறது. பாம்பு ஊர்ந்த தடத்திலே வெட்டியதாக ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, வளைவு என்னவோ மட்டக் கணக்குத்தான்.

காலிங்கராயனும் கொடிவேரியும் தாழ்ந்த அணைகள். அவற்றின் வாய்க்கால்கள் ஆற்றை அடுத்த நிலத்துக்கே பாயும். தூரத்து மேட்டுக்குத் தண்ணீர் போக வேண்டுமானால், ஆற்றையே உயர்த்திப் பிடிக்க வேண்டும். அதற்காகவே 1948-இல் தொடங்கி 1955-இல் பவானிசாகர் மண் அணையை முடித்தார்கள். 105 அடி நீர்மட்டம். சுமார் 32 டி.எம்.சி. கொள்ளளவு. உயரத்திலே புறப்படுவதால்தான் 124 மைல் ஓடி, 2,07,000 ஏக்கருக்குப் பாய முடிகிறது. அத்தனைக்கும் ஒரே சமயத்தில் நெல்லுக்குத் தண்ணீர் காணாது. ஆகவே ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று முறை வைத்தார்கள்.

இன்னொரு விஷயம். மண் வாய்க்காலில் கசியும் தண்ணீர் கீழே உள்ள கிணறுகளில் ஊறுகிறது. 2023-இல் வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடும் வேலை தொடங்கியபோது சச்சரவு எழுந்தது இதனால்தான். "எங்களுக்குத் தண்ணி வந்து சேர்றதில்லை" என்றார்கள் கடைமடைக்காரர்கள். "கசிவு நின்னா எங்க கெணறு வத்திப்போகும்" என்றார்கள் மற்றவர்கள். இரண்டு பேச்சிலும் நியாயம் உண்டு. கசிவதெல்லாம் வீணல்ல, ஆனால் கசிந்தது கடைமடை மதகுக்குப் போய்ச் சேராது.

ஆகவே ஒன்று செய்யுங்கள். கயிற்றில் கல்லைக் கட்டி, வாய்க்கால் திறக்கும் முன்பும், திறந்து ஒரு மாதம் கழித்தும், நிறுத்திய பின்பும் உங்கள் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து நோட்டில் எழுதி வையுங்கள். மேல்மடைக்காரரும் கடைமடைக்காரரும் கூடிப் பேசும்போது, கோபத்தைவிட அந்த நோட்டுத்தான் உதவும்.