நாகரத்தினம்மாள் தேடிய புத்தகம்

போன மாதம் வீட்டுக்கு வந்திருந்த என் தங்கை மகள், கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிப்பவள், ஒரு கேள்வி கேட்டாள். "பெரியம்மா, எங்க பாடத்துல ஔவையார், ஆண்டாள், காரைக்கால் அம்மையார்னு வருது. அப்புறம் நேரா இருபதாம் நூற்றாண்டுக்குக் குதிச்சிடறாங்க. நடுவுல பொம்பளைங்க யாருமே எழுதலையா?"

எழுதினார்கள். எழுதியது நம் கைக்கு வந்து சேரும் வழியில் என்ன நடந்தது என்பதுதான் விஷயம். அதை அவளுக்கு விளக்க, ஒரே ஒரு புத்தகத்தின் கதையைச் சொன்னேன். அன்றைக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே குறித்து வைக்கிறேன்.

புத்தகம் தெலுங்கு. எழுதப்பட்டதோ நம் தஞ்சாவூரில். இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நாயக்கர்கள் காலத்திலேயே தஞ்சை அரண்மனையின் இலக்கிய மொழி தெலுங்காகிவிட்டது. ரகுநாத நாயக்கரின் அவையில் ராமபத்ராம்பா என்ற பெண் சமஸ்கிருதத்தில் ஒரு காவியமே எழுதியிருக்கிறார். அடுத்து வந்த விஜயராகவ நாயக்கர் காலத்தில் ரங்காஜம்மா தெலுங்கில் எழுதினார். 1670-களில் ஆட்சி மராட்டியர் கைக்குப் போன பிறகும் அரண்மனையில் தெலுங்குக்கு இருந்த மரியாதை குறையவில்லை.

அந்த மராட்டிய மன்னர்களில் ஒருவர் பிரதாபசிம்மர். 1739 முதல் 1763 வரை ஆண்டவர். அவருடைய அவையில் இருந்தவர் முத்துப்பழனி. தேவதாசி மரபில் வந்தவர். பாட்டு, ஆட்டம், கவிதை மூன்றும் தெரிந்தவர். நம் ஆண்டாளின் திருப்பாவையைத் தெலுங்கில் தந்தவரும் இவர்தான். இவர் எழுதிய பெரிய நூல் 'ராதிகா சாந்த்வனம்'. ராதையைச் சமாதானப்படுத்துதல் என்று பொருள். 584 பாடல்கள்.

கதை இதுதான். ராதை தானே வளர்த்த இளா என்ற பெண்ணைக் கிருஷ்ணனுக்குக் கல்யாணம் செய்து வைக்கிறாள். புதுப்பெண்ணுக்குப் புத்தி சொல்லி அனுப்புவதும் அவளே. அனுப்பிவிட்டுத் தனியே உட்கார்ந்து வேகிறாள். பொறாமை, கோபம், ஆசை எல்லாம் சேர்ந்து வருகிறது. கடைசியில் கிருஷ்ணன் வந்து அவளைச் சமாதானப்படுத்துகிறான்.

சிருங்காரக் காவியம் அந்தக் காலத்தில் புதிது இல்லை. ஆண்கள் நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறார்கள். இதில் வித்தியாசம், ஆசைப்படுகிறவள் ராதை. கேட்கிறவள் அவள், கோபித்துக்கொள்கிறவள் அவள். ஆண் பார்த்து வர்ணிக்கும் பொருளாக அவள் நிற்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் காலத்துக் காவியங்களில் புலவர்கள் தங்கள் வம்சத்தைச் சொல்லித் தொடங்குவது வழக்கம். தந்தை, பாட்டன், முப்பாட்டன் என்று வரிசை போகும். முத்துப்பழனியும் வம்சம் சொல்கிறார். ஆனால் பாட்டி தஞ்சைநாயகி, அத்தை என்று பெண்கள் வழியாகப் போகிறார். அவர்களும் கலையும் கவிதையும் அறிந்தவர்கள் என்று பெருமையோடு சொல்கிறார். தன் அழகையும் படிப்பையும் பற்றிச் சொல்லிக்கொள்ளவும் அவருக்குக் கூச்சம் இல்லை.

இனி, ஏறக்குறைய 150 வருஷம் தள்ளி வருவோம். இடம் சென்னை. பெங்களூர் நாகரத்தினம்மாள் என்றால் இசை ரசிகர்கள் பலருக்குத் தெரியும். 1878-ல் மைசூருக்கு அருகே நஞ்சன்கூட்டில் பிறந்தவர். அம்மா புட்டலட்சுமி. தேவதாசி மரபு. கன்னடம், தெலுங்கு, சமஸ்கிருதம் படித்து, சென்னைக்கு வந்து பெரிய பாடகியாகப் பேர் வாங்கினார். பாட்டோடு நிறுத்தாமல் நிறையப் படிக்கிற பழக்கமும் இருந்தது.

தஞ்சைக் காலத்துத் தெலுங்கு இலக்கியத்தைப் பற்றிய ஓர் உரையில், முத்துப்பழனி என்ற கவியைப் புகழ்ந்து அவருடைய பாடல்களை எடுத்துக் காட்டியிருந்ததை அவர் பார்த்தார். புத்தகம் எங்கே கிடைக்கும் என்று தேட ஆரம்பித்தார். ரொம்பச் சிரமப்பட்டுக் கிடைத்தது, 1887-ல் அச்சான ஒரு பதிப்பு. பிறகு ஒரு கையெழுத்துப் பிரதியும் கைக்கு வந்தது. இரண்டையும் வைத்து ஒப்பிட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அச்சுப் பிரதியில் பல பாடல்களைக் காணோம். முத்துப்பழனி தன்னைப் பற்றியும் தன் பாட்டி, அத்தை பற்றியும் சொன்ன முன்பகுதியையும் காணோம்!

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். சிருங்காரப் பாடல்களை வெட்டினார்கள் என்றால், அந்தக் காலத்துக் கூச்சம் என்று சொல்லிவிடலாம். வம்ச வரலாற்றில் என்ன ஆபாசம்? ஒரு பெண் இன்னொரு பெண்ணிடமிருந்து கற்று, அவள் இன்னொருத்தியிடமிருந்து கற்று வந்த வரிசை அது. அதை எடுத்துவிட்டால் முத்துப்பழனி முன்னும் பின்னும் யாரும் இல்லாத ஒற்றை ஆளாகி நிற்கிறார். 'நடுவுல யாருமே எழுதலையா' என்ற கேள்வி பிறப்பது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

இன்னொரு பக்கம், அன்றைய தெலுங்கு உலகின் பெரிய மனிதர் கந்துகூரி வீரேசலிங்கம். லேசான ஆள் இல்லை. 1874-ல் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கியவர். 1881-ல் ராஜமகேந்திரத்தில் விதவைக் கல்யாணம் நடத்தி வைத்து ஊர் எதிர்ப்பைத் தாங்கியவர். பெண்களுக்கென்றே ஒரு பத்திரிகை நடத்தியவர். அவர் எழுதிய தெலுங்குக் கவிகள் சரித்திரத்தில் முத்துப்பழனிக்கு இடம் கொடுத்திருக்கிறார். படிப்பையும் ஒப்புக்கொள்கிறார். ஆனால் ஒழுக்கத்தைச் சொல்லி மோசமாகத் திட்டுகிறார். பெண் காதால் கேட்கக்கூடாததை ஒரு பெண்ணே வாயால் சொல்லலாமா என்பது அவர் கோபம்.

நாகரத்தினம்மாள் 1910-ல் முழுப் பாடத்தையும் சேர்த்து, முன்னுரை எழுதி, புதுப் பதிப்பு கொண்டுவந்தார். வெளியிட்டது சென்னையில் பேர்பெற்ற வாவிள்ள ராமஸ்வாமி சாஸ்த்ருலு நிறுவனம். இதை எழுதியவர் ஒரு பெண், அதிலும் தம் மரபில் பிறந்தவர், அதனால்தான் இதைப் பதிப்பிக்க நினைத்தேன் என்கிற பொருளில் சொல்கிறார். ஒளிவு மறைவே கிடையாது.

வீரேசலிங்கத்துக்கும் பதில் சொன்னார். அவர் கேட்டதை என் வார்த்தையில் சொன்னால் இவ்வளவுதான்: வெட்கம் என்பது பெண்களுக்கு மட்டும்தானா, ஆண்களுக்குக் கிடையாதா? ஆண் புலவர்கள் எழுதிய இதைவிடப் பச்சையான நூல்கள் இருக்கின்றனவே, அவற்றை ஏன் யாரும் கேட்பதில்லை? உதாரணமாக அவர் காட்டியது 'வைஜயந்தி விலாசம்'. தொண்டரடிப்பொடி ஆழ்வாரும் தேவதேவியும் பற்றிய கதை. அதை அச்சுக்குச் சரிபார்த்துக் கொடுத்தவர் வீரேசலிங்கமேதான்! சான்றோடு கேட்ட கேள்வி.

விளைவு என்ன ஆச்சு? புத்தகம் ஆபாசம் என்று அரசுக்குப் புகார் போனது. 1911-ல் போலீஸ் வாவிள்ள கடைக்கு வந்து பிரதிகளை அள்ளிக்கொண்டு போனது. அதோடு அந்த நிறுவனம் வெளியிட்டிருந்த வேறு சில சிருங்கார நூல்களும் சிக்கின. பண்டிதர்கள் சிலர் புத்தகத்துக்கு ஆதரவாக மனுப் போட்டார்கள். எடுபடவில்லை. தடை நின்றது. நிறுவனத்தாரும் விடாமல் வாதாடிக்கொண்டே இருந்தார்கள்.

தடை நீங்க 35 வருஷத்துக்கு மேல் ஆனது. 1946-47-ல் சென்னை மாகாணப் பிரதமராக இருந்த டங்குடூரி பிரகாசம்தான் அதை நீக்க வழிசெய்தார். 1952-ல் வாவிள்ள மறுபடி புத்தகத்தை அச்சிட்டது. அதே 1952-ல், மே மாதம், நாகரத்தினம்மாள் காலமானார்.

தடை போனதும் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், அதுவும் இல்லை. பேர் கெட்ட புத்தகம் பேர் கெட்டதாகவே இருந்தது. 1980-களில் சூசி தாருவும் கே. லலிதாவும் இந்தியப் பெண்களின் எழுத்தை மொழி மொழியாகத் தேடித் தொகுத்தபோதும் முத்துப்பழனியின் பேர் அவதூறாகவே நின்றிருந்தது. 1991-ல் வந்த அவர்களுடைய முதல் தொகுதி தொடங்குவதே இந்தப் புத்தகத்தின் கதையோடுதான். 2011-ல் ஆங்கிலத்தில் முழு மொழிபெயர்ப்பும் வந்துவிட்டது.

இவ்வளவையும் கேட்ட தங்கை மகள், "அப்ப நாகரத்தினம்மாள் ஒரு ஃபெமினிஸ்ட், இல்ல?" என்றாள். அந்த இடத்தில்தான் கதை கொஞ்சம் சிக்கலாகிறது. சிக்கலை மறைக்கக்கூடாது.

1927-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்ட மேலவைக்குள் போன முதல் பெண். அவருடைய அம்மாவும் தேவதாசி மரபில் வந்தவரே. பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டம் வேண்டும் என்று அவர் போராடினார். அதை எதிர்த்துத் திரண்ட சென்னை தேவதாசிகள் சங்கத்தில் முன்னால் நின்றவர் நாகரத்தினம்மாள். எங்கள் சொத்துரிமை, எங்கள் கலை, எங்கள் படிப்பு எல்லாவற்றையும் ஒரே கோட்டில் அடிக்கிறீர்களே என்பது அவர்கள் தரப்பு. சின்னப் பெண் குழந்தைகளின் வாழ்க்கை என்ன ஆகிறது பாருங்கள் என்பது முத்துலட்சுமி தரப்பு. அதே மரபிலிருந்து வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மாள் 1936-ல் 'தாசிகள் மோசவலை' நாவலை எழுதியது இரண்டாவது தரப்பில் நின்று. கடைசியில் 1947-ல் சட்டம் வந்தது.

குழந்தைகளைப் பொறுத்தவரை முத்துலட்சுமியும் ராமாமிர்தமும் சொன்னதே சரி என்றுதான் நான் நினைக்கிறேன். அதற்காக நாகரத்தினம்மாளின் முன்னுரையை ஓரங்கட்ட மாட்டேன். பெண்கள் எழுதியதைத் தேடிப் போனால், எல்லோரும் ஒரே குரலில் பேசுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. நமக்குப் பிடித்ததை மட்டும் எடுத்து வைத்தால், 1887 பதிப்பில் நடந்த வெட்டு வேலையை நாமே மறுபடி செய்கிறோம் என்றுதான் அர்த்தம்.

தேடப் போகிறவர்களுக்கு இந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்ட சில குறிப்புகள்:

முதலாவது, திட்டியவர்களைப் படியுங்கள். ஒரு பெண் எழுதினாள் என்ற செய்தியை நமக்குக் கொண்டுவந்து சேர்ப்பது பல நேரம் அவளைக் கண்டித்தவர்தான். வீரேசலிங்கம் திட்டினாலும் பேரை எழுதி வைத்தார்.

இரண்டாவது, முன்னுரையையும் வம்ச வரலாற்றையும் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். யாரிடம் கற்றார்கள் என்பது அங்கேதான் இருக்கும். ஒரே நூலின் இரண்டு பதிப்புகள் கிடைத்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். இல்லாமல் போனது எது என்பதே ஒரு தகவல்.

மூன்றாவது, அரசு தடை செய்த, பறிமுதல் செய்த நூல்களின் பட்டியலைப் பாருங்கள். போலீஸும் ஒரு வகையில் நூலகர் வேலை பார்த்திருக்கிறது.

நான்காவது, மொழி எல்லையைத் தாண்டுங்கள். தஞ்சாவூர்ப் பெண் எழுதியதைத் தமிழ் அலமாரியில் மட்டும் தேடினால் முத்துப்பழனி கிடைக்கவே மாட்டார்.

கடைசியாக ஒன்று. திருவையாற்றுக்குப் போகிறவர்கள் தியாகராஜர் சமாதியைப் பார்க்காமல் வருவதில்லை. பாழாய்க் கிடந்த அந்த இடத்தை 1921-ல் தொடங்கித் தன் பணத்தில் எடுத்துக் கட்டியவர் நாகரத்தினம்மாள். 1925-ல் கும்பாபிஷேகம் நடந்தது. அங்கேயே ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லை என்ற நிலை இருந்தபோது, பெண்களைத் திரட்டித் தனியாகப் பாட வைத்தவரும் அவர்தான். அவருடைய சமாதியும் அங்கேதான், தியாகராஜரைப் பார்த்தபடி இருக்கிறது. கும்பிட்ட கையோடு ஒரு சிலை. அடுத்த முறை போகும்போது அவர் பாடகி மட்டும் இல்லை, ஒரு பதிப்பாசிரியர் என்பதையும் நினைத்துக்கொண்டு போங்கள். தங்கை மகளைக் கூட்டிக்கொண்டு தை மாதம் போவதாக இருக்கிறேன். அதற்குள் அவள் தன் பாட்டியிடம், அதாவது என் அம்மாவிடம், பழைய டிரங்குப் பெட்டியில் என்ன நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன என்று கேட்டு வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.