வாயுத்தொல்லை

குடலில் வாயு அளவுக்கு மீறிச் சேர்வதாலோ, சேர்ந்தது எளிதில் வெளியேறாததாலோ வயிற்று உப்புசம், இரைச்சல், பிடித்திழுக்கும் வலி ஆகியவை உண்டாகும் நிலை. நலமுள்ளவருக்கும் நாளொன்றுக்கு 10 முதல் 20 முறை வாயு பிரிவது இயல்பே.

காரணங்கள்: அவசரமாக உண்பது, சூயிங்கம் மெல்லுவது, சோடா குடிப்பது, புகைப்பது ஆகியவற்றால் காற்று உள்ளே செல்கிறது, இதில் பெரும்பகுதி ஏப்பமாக வெளியேறிவிடும். மீதமுள்ள வாயு பெரும்பாலும் பெருங்குடலில் உருவாவது. மொச்சை, கொண்டைக்கடலை போன்ற பயறுகளில் உள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் சர்க்கரைகளைச் செரிக்கும் நொதி மனிதக் குடலில் இல்லை. அவை செரிக்காமல் பெருங்குடலை அடைந்ததும் பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்கின்றன. ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலரிடம் மீத்தேனும் உண்டாகின்றன. இவற்றுக்கு மணமில்லை, நாற்றம் சிறிதளவே உள்ள கந்தகச் சேர்மங்களால் வருவது. பால் சர்க்கரை செரியாமை, மலச்சிக்கல், எரிச்சல் கொண்ட குடல் நோய் ஆகியவையும் காரணமாகலாம்.

நிவாரணம்: பயறை இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் வேகவைத்தால் இச்சர்க்கரைகள் குறையும். மென்று நிதானமாக உண்பதும், உணவுக்குப் பின் சிறுநடையும் உதவும். தமிழ்ச் சமையலில் பருப்புக்குப் பெருங்காயம் சேர்ப்பதும், ஓமநீர் அருந்துவதும் மரபு. சிமெதிகோன் மாத்திரை சிலருக்குப் பலனளிக்கிறது.

எடை குறைதல், மலத்தில் இரத்தம், தொடர் வாந்தி, நீங்காத வலி இருந்தால் மருத்துவரை அணுக வேண்டும். நெஞ்சுவலியை வாயுப்பிடிப்பு என்று ஒதுக்கக் கூடாது. அது மாரடைப்பாகவும் இருக்கலாம்.