ஆட்டையாம்பட்டி முறுக்கு

ஆட்டையாம்பட்டி என்றதும் முறுக்குத்தான் ஞாபகத்துக்கு வரும். நானும் முறுக்கைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆனால் இது பல்லுக்கு வேலை கொடுக்கும் முறுக்கு அல்ல, மோட்டார் இஞ்சின் சக்கரத்துக்குக் கொடுக்கும் முறுக்கு.

அந்த ஊரில் என் தமக்கை மகன் இருக்கிறான். அவன் தகப்பனார் வாடகைக்கு ஓட்டிய அம்பாஸடர் காரை விற்க மனம் வராமல் இன்னும் வைத்திருக்கிறான். சமீபத்தில் நான் போயிருந்தபோது ஒரு துண்டுச் சீட்டை நீட்டினான்.

"மாமா, ஏற்காட்டு மேட்டுல வண்டி திணறுதுங்க. ரேஸ் வண்டி கேம் ஷாஃப்ட் ஒண்ணு விலைக்கு வருது. போட்டா பவர் ஏறுமுங்களா?"

சீட்டில் 16, 56, 51, 21 என்று நான்கு எண்கள் இருந்தன. காரோடு வந்த பழைய புத்தகத்தைப் புரட்டினோம். அதில் 5, 45, 40, 10. புதியதில் எல்லாமே பெரிய எண்கள். "பெருசுன்னா நல்லதுதானுங்களே?" என்றான். கேட்ட விலையோ அவனுடைய இரண்டு மாத வருமானம். அப்பா கையால் தொட்ட இஞ்சினைப் பிரித்துப் போடுகிற காரியம் வேறு. சட்டென்று பதில் சொல்ல எனக்குத் துணிவில்லை.

பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. அவனை அங்கே அழைத்துப் போனேன். தறியின் அடியில் ஒரு தண்டு சுழல்கிறது. அதில் புடைத்த உருளைகள் இருக்கின்றன. புடைப்பு வரும்போது மிதிபலகை அழுந்துகிறது, பாவு நூல் மேலும் கீழுமாகப் பிரிகிறது, நாடா பாய்கிறது. மேலேயுள்ள கிராங்குத் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் இது ஒரே சுற்று. மோட்டார் இஞ்சினிலும் அப்படியேதான்: கிராங்கு இரண்டு சுற்று, கேம் ஒரு சுற்று. தறிக்காரர் அந்தப் புடைப்பை 'டேப்பட்' என்கிறார். மெக்கானிக்கோ அந்தப் புடைப்பின் மேல் உட்கார்ந்திருக்கும் துண்டை 'டேப்பட்' என்கிறார். தொழில்கள் இப்படித்தான் ஒன்றுக்கொன்று வார்த்தைகளைக் கைமாற்று வாங்கிக்கொள்கின்றன. மோட்டார் பிறப்பதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னால், 1206இல், அல் ஜஸரி என்ற அரபு யந்திரக் கலைஞர் தம் நூலில் இத்தகைய தண்டை விவரித்திருக்கிறார்.

சரி, அந்த எண்கள்? இஞ்சினுக்குள் காற்றையும் பெட்ரோலையும் விடுகிற வால்வு, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 5 டிகிரி முன்பே திறக்கிறது. பிஸ்டன் அடிக்குப் போய்த் திரும்பி 45 டிகிரி ஏறிய பிறகே மூடுகிறது. ஆக 5, 180, 45: மொத்தம் 230 டிகிரி. மற்ற இரண்டு எண்களும் புகை வெளியேறும் வால்வுக்கு உரியவை. ரேஸ் கேமின் கணக்கு 252 டிகிரி.

அடியைத் தொட்ட பிறகும் கதவை ஏன் திறந்து வைக்க வேண்டும்? திருச்செங்கோட்டுத் தேர்க் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வேகமாக வருகிற கூட்டம், முன்னால் போனவன் நின்றாலும் பின்னாலிருந்து நெருக்கி உள்ளே நுழைந்துவிடும். காற்றும் அந்த ரகந்தான். ஆனால் இஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அந்த நெருக்கடி இல்லை. கதவு அதிக நேரம் திறந்திருந்தால் உள்ளே வந்ததில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிவிடும். அதனால்தான் ரேஸ் கேம் மெதுவோட்டத்தில் சோம்பேறி, வேகத்தில் சூரன்.

இதற்கு ஒரு சரித்திர சாட்சியே இருக்கிறது. அம்பாஸடர் 1957இல் நம் நாட்டில் பிறந்தது. 1950களின் இறுதியில் அதற்கு வந்து சேர்ந்த 1,489 சி.சி. இஞ்சினின் சகோதரன்தான், 1955இல் இங்கிலாந்தில் வெளிவந்த எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காருக்குள் இருந்தது. ஒரே குடும்பம், ஒரே கன அளவு. அம்பாஸடருக்கு முன்மாதிரியான மாரிஸ் ஆக்ஸ்ஃபர்டில் அது கொடுத்தது ஐம்பது குதிரைச் சக்திக்குச் சற்று அதிகம், எம்.ஜி.ஏ.யில் 68. இரண்டு கார்புரேட்டர், அதிக அழுத்தம், அந்த 252 டிகிரி கேம் எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. ஆனால் முறுக்கு விசையைப் பாருங்கள்: இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றேதான்! ஒன்றில் அது நிமிஷத்துக்கு 2,400 சுற்றில் உச்சத்தை அடைகிறது. மற்றதில் 3,500 சுற்றில். முறுக்கு கூடவில்லை, வீடு மாறிக் குடிபோயிருக்கிறது, அவ்வளவுதான்.

சோழவரத்தில் யுத்த காலத்து விமான ஓடுபாதையில் மோட்டார்ப் பந்தயம் நடந்த நாட்களில் இது பெரிய லாபம். நீண்ட நேர்ப்பாதை; காலை எடுக்க வேண்டியதில்லை. எட்டுப் பேரையும் தலைமேல் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஊர்ந்து ஏறுகிற வாடகைக் காருக்கு அதனால் என்ன பிரயோசனம்? அம்பாஸடருக்கு அந்தச் சாதுவான கேமைப் பொருத்தியவர்கள் விவரமறியாதவர்கள் அல்ல. பிற்பாடு, 1989இல், ஜப்பானிய ஹோண்டா கம்பெனியார் ஒரே தண்டில் இரண்டு வகைப் புடைப்புகளை வைத்து, மெதுவுக்கு ஒன்று, வேகத்துக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்ள வழி செய்தார்கள். நம் அம்பாஸடருக்கு அந்தப் பாக்கியம் இல்லை; 2014இல் அதன் உற்பத்தியே நின்றுவிட்டது.

"அப்போ எம் வண்டி ஏனுங்க திணறுது?" என்றான் பையன். நியாயமான கேள்வி. அவன் தகப்பனார் ஓட்டியபோது இதே கேமில்தானே ஏறியது?

சேலத்திலிருந்து ஒரு கிழ மெக்கானிக்கை அழைத்து வந்தோம். அவர் எண்கள் எழுதிய சீட்டை ஏறிட்டும் பார்க்கவில்லை. முள் ஓடுகிற அளவுமானி ஒன்றை வைத்து, எட்டுப் புடைப்புகளும் எவ்வளவு தூக்குகின்றன என்று ஒவ்வொன்றாக அளந்தார். ஏழு ஒரே மாதிரி இருந்தன. மூன்றாம் சிலிண்டரின் புகை வால்வுக்குரியது மட்டும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குறைந்தது. தேய்ந்து மழுங்கிவிட்டது.

"நாலு பேர் தூக்கற பல்லக்குல ஒருத்தன் குட்டைங்க," என்றார் அவர்.

பழைய அளவிலேயே ஒரு கேமும், அதோடு எட்டு டேப்பட்டும் புதிதாகப் போட்டார்கள். பழைய டேப்பட்டைப் புதுக் கேமோடு சேர்த்தால் அதையும் தின்றுவிடுமாம். செலவு ரேஸ் கேமின் விலையில் பாதிகூட ஆகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஏழு பேராக ஏற்காடு போனோம். பத்தாவது வளைவில் பையன் இரண்டாம் கியரிலேயே திருப்பி ஏற்றினான். என் தமக்கை பின் ஆசனத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மடியிலிருந்த தகர டப்பாவைத் திறந்து, ஆளுக்கொரு முறுக்குக் கொடுத்தாள்.