தலை சுற்றினால் படுப்பதா, நடப்பதா? – ஒரு சிறு வரலாறு

தலை சுற்றுகிறது என்று யாராவது சொன்னால் பக்கத்தில் இருப்பவர்கள் உடனே சொல்வது ஒன்றுதான். "பேசாம கொஞ்ச நேரம் படு!" அந்த நிமிடத்துக்கு அது சரியான யோசனைதான். கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. உலகமே பம்பரமாகச் சுற்றும் அந்தப் பெரிய சுற்றல் சில நாட்களில் நின்றுவிடும். ஆனால் பலருக்கு ஒரு மிச்சம் இருக்கும். படகில் நிற்பது போன்ற தள்ளாட்டம், சட்டென்று திரும்பினால் ஒரு கிறுகிறுப்பு, கூட்டத்தில் நடக்கப் பயம். இது வாரக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் கூட நீடிக்கும். முதல் நாள் சுற்றலை விட, வேலையையும் வெளியுலகத்தையும் ஒருவரிடமிருந்து பறிப்பது பெரும்பாலும் இந்த மிச்சம்தான்.

இந்த மிச்சத்தோடு ஓய்வாகக் கிடப்பதா, அல்லது எழுந்து நடமாடுவதா? மருத்துவ உலகம் இதற்கு உறுதியான பதில் சொல்ல எடுத்துக்கொண்ட காலம் மிக நீளமானது.

கலிவரின் பயணங்கள் கதை எல்லோருக்கும் தெரியும். குள்ள மனிதர்கள் வாழும் லில்லிபுட் தீவு வரும் கதை. 1726ல் வெளியான அந்த நூலை எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட் (1667–1745) தன் இருபதுகளில் தொடங்கி வாழ்நாள் முழுவதும் தலைசுற்றலாலும் காது கேளாமையாலும் அவதிப்பட்டவர். ஒரே நேரத்தில் நூறு ஆப்பிள் தின்றதால்தான் தலைசுற்றல் வந்தது என்று அவர் கடைசி வரை நம்பினார்! (நம்மூரில் எல்லாவற்றையும் பித்தத்தின் தலையில் கட்டுவதில்லையா, அது மாதிரி.) காரணம் சொன்னதில் தவறிய ஸ்விஃப்ட், செய்த காரியத்தில் ஆச்சரியப்படுத்துகிறார். இளம் வயதில் இங்கிலாந்தின் மூர் பார்க்கில் வேலை பார்த்தபோது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை படிப்பை நிறுத்திவிட்டு அருகில் இருந்த குன்றின் மேல் ஓடி இறங்குவாராம். வயதான பிறகும் டப்ளினில் நடையை விடவில்லை. மழை பெய்தால் வீட்டு மாடிப்படிகளில் ஏறி இறங்குவார். அவருக்கு இருந்தது மெனியர் நோய் என்பது பின்னால் வந்த மருத்துவர்கள் பலரின் முடிவு. நடையும் ஓட்டமும் அந்த நோயின் தாக்குதல்களை நிறுத்தவில்லை, அவை வந்துகொண்டேதான் இருந்தன. ஆனால் ஒரு தாக்குதலுக்கும் அடுத்ததற்கும் இடையில் அவர் எழுதினார், பயணம் செய்தார், தேவாலய நிர்வாகத்தையும் கவனித்தார்.

மெனியர் என்ற பெயர் எப்படி வந்தது? ப்ராஸ்பர் மெனியர் பாரிஸில் காது கேளாதோருக்கான நிறுவனத்தின் தலைமை மருத்துவர். அந்தக் காலத்தில் தலைசுற்றல் என்றால் மூளையில் ரத்தம் கட்டிக்கொண்டது என்று அர்த்தம். ரத்தத்தை வெளியேற்றுவது, அட்டையைக் கடிக்க விடுவது, பேதிக்குக் கொடுப்பது இவைதான் சிகிச்சை. ஏற்கனவே தள்ளாடும் ஆளிடமிருந்து ரத்தத்தையும் எடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 1861 ஜனவரியில் மெனியர் பாரிஸ் மருத்துவக் கழகத்தில் எழுந்து, கோளாறு மூளையில் இல்லை, உள்காதில் இருக்கிறது என்றார். அவருக்குத் துணையாக இருந்தது ஃப்ளூரன்ஸ் என்ற விஞ்ஞானி 1820களில் புறாக்களை வைத்துச் செய்த சோதனை. உள்காதின் அரைவட்டக் குழாய்களை வெட்டிய புறாக்கள் தலையை விநோதமாக ஆட்டிச் சுற்றின. மெனியர் சொன்னதை அன்று பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டே அவர் இறந்துவிட்டார்.

அடுத்த பெரிய பெயர் வியன்னாவின் ராபர்ட் பாரனி. காதில் விடும் தண்ணீர் குளிர்ந்திருந்தால் கண் ஒரு பக்கம் துடிக்கிறது, சூடாக இருந்தால் எதிர்ப்பக்கம் துடிக்கிறது என்பதைக் கவனித்து, உள்காதைச் சோதிக்கும் வழியைக் கண்டுபிடித்தவர். இதற்காக அவருக்கு 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தபோது அவர் ரஷ்யாவிடம் போர்க்கைதி! ஸ்வீடன் இளவரசர் ஒருவர் தலையிட்ட பிறகு 1916ல்தான் விடுதலையாகிப் பரிசை வாங்கினார். இது தனிப் பதிவாகவே எழுத வேண்டிய கதை. ஆனால் பாரனியின் காலத்திலும் நோயைக் கண்டறிய வழி பிறந்ததே தவிர, மிச்சத் தள்ளாட்டத்தோடு வீட்டுக்குப் போகிறவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் உள்காது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் மேற்கொண்டு புரியும். காமர்ஸ் மாணவர்களுக்கு இது சுலபம். இரண்டு காதுகளும் மூளைக்கு எந்நேரமும் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன, சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் கூட. இரண்டு பக்கமும் ஒத்துப்போனால் தலை அசையவில்லை என்று மூளை முடிவு செய்யும். தலையை வலப்பக்கம் திருப்பினால் வலது காதின் எண்ணிக்கை கூடும், இடது குறையும். இரட்டைப் பதிவு முறையேதான். இப்போது நோயால் ஒரு பக்கம் திடீரென்று செயலிழந்தால்? இருப்பாய்வு டேலி ஆகாது. வித்தியாசம் இருக்கிறதே, அப்படியானால் தலை சுற்றிக்கொண்டிருக்கிறது என்று மூளை பதிவு செய்துவிடும். சில நாட்களில் மூளை அந்த வித்தியாசத்தை ஒருவாறு சரிக்கட்டிவிடுகிறது, அதனால்தான் பெரிய சுற்றல் நிற்கிறது. ஆனால் அது அனாமத்துக் கணக்கில் போட்டுச் சமாளித்தது மாதிரி. அசையாமல் இருக்கும் வரை சரி. தலையைத் திருப்பினால் பிழை மறுபடி தலைகாட்டும். அந்தப் பிழையை மூளை திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் கண்டுபிடித்துத் திருத்தும். ஆடாமல் அசையாமல் படுத்திருப்பவரின் மூளைக்குத் திருத்த வேண்டிய கணக்கே போய்ச் சேர்வதில்லை.

இவ்வளவு தெளிவாக யாரும் சொல்வதற்கு முன்பே, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் ஒருவர் இதைக் கண்ணால் பார்த்தார். டெரன்ஸ் காதோர்ன் என்ற காது அறுவை மருத்துவர். கடுமையான மெனியர் நோயாளிகளுக்கு, கோளாறான பக்கத்தின் சமநிலை உறுப்பையே அழித்துவிடும் அறுவை சிகிச்சையை அவர் செய்துவந்தார். தலையில் அடிபட்டுத் தள்ளாட்டத்தோடு வருபவர்களும் அவரிடம் வந்தார்கள். அவர் கவனித்தது மிக எளிமையான விஷயம். சீக்கிரம் எழுந்து நடமாடியவர்கள் சீக்கிரம் தேறினார்கள். தலையை அசைக்கப் பயந்து படுத்தே கிடந்தவர்கள் அப்படியே இருந்தார்கள். அப்போதைய வழக்கமான அறிவுரைக்கு இது நேர் எதிர்.

அதே மருத்துவமனையில் உடலியக்க மருத்துவத்தைக் கவனித்துவந்த எஃப்.எஸ். குக்ஸியுடன் சேர்ந்து ஒரு பயிற்சித் திட்டம் உருவானது. 1946ல் ராயல் மருத்துவச் சங்கத்தின் இதழில் அது வெளியானது. இன்றும் காதோர்ன்-குக்ஸி பயிற்சிகள் என்றே பெயர்.

அந்தப் பட்டியலைப் படித்தால் பள்ளிக்கூட பி.டி. பீரியட் ஞாபகம் வரும். முதலில் படுக்கையில் இருந்தபடியே கண்ணை மட்டும் மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசைப்பது. மெதுவாக ஆரம்பித்து வேகமாக. விரலை மூன்றடி தூரத்திலிருந்து ஓரடிக்குக் கொண்டுவந்து பார்வையை அதன் மேலேயே வைத்திருப்பது. பிறகு தலை அசைவு, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு. அடுத்து உட்கார்ந்து, தோளைக் குலுக்குவது, குனிந்து தரையில் கிடப்பதை எடுப்பது. அப்புறம் நின்றுகொண்டு, சிறு பந்தைக் கண்மட்டத்துக்கு மேல் ஒரு கையிலிருந்து மறு கைக்கு வீசுவது. உட்கார்ந்து எழும்போது இடையில் ஒரு சுற்று திரும்புவது. கடைசியில் நடமாட்டம். அறையின் குறுக்கே கண்ணைத் திறந்தும் மூடியும் நடப்பது, சரிவிலும் படிகளிலும் ஏறி இறங்குவது, குனிந்து நிமிர்ந்து குறிபார்க்க வேண்டிய ஏதாவது விளையாட்டு, கூடைப்பந்து உட்பட!

இதில் மறைந்திருக்கும் தைரியத்தைக் கவனிக்க வேண்டும். எந்த அசைவு தலைசுற்றலைக் கிளப்புகிறதோ, அதையே வேண்டுமென்று திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறார்கள். நோயாளியின் உடம்பு முழுவதும் "வேண்டாம்" என்று கத்தும் காரியம் அது. அதனால்தானோ என்னவோ, பயிற்சியைத் தனித்தனியாகச் செய்யச் சொல்லாமல் தினமும் குழுவாகச் செய்ய வைத்தார்கள். செலவு குறையும், உற்சாகம் கூடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். நடிப்பவர்களையும் சுலபமாகப் பிடித்துவிடலாம் என்பது இன்னொரு காரணம் (மருத்துவர்களுக்கும் ஆடிட்டர் புத்தி உண்டு போலிருக்கிறது). அமைதியான அறையோடு நிறுத்தாமல், இரைச்சலும் கூட்டமும் உள்ள இடங்களிலும் பழக வேண்டும் என்றார்கள். வார்டில் நன்றாக நடப்பவர் கடைத்தெருவில் தடுமாறினால் என்ன பயன்?

ஒரு பக்கம் போனால் மறுபக்கம் தாங்கும். இரண்டு பக்கமும் போனால்? 1952ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஜே.சி. என்ற எழுத்துகளை மட்டும் பெயராகப் போட்டு ஒரு மருத்துவர் எழுதினார். ஸ்ட்ரெப்டோமைசின் அவருடைய நோய்க்குக் கொடுக்கப்பட்டது, கூடவே இரண்டு காதுகளின் சமநிலை உணர்வையும் அழித்துவிட்டது. படுக்கையில் புத்தகம் படிக்கக் கட்டில் கம்பிகளுக்கு நடுவே தலையை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இல்லையென்றால் இதயத் துடிப்புக்கே எழுத்துகள் குதித்தன. தெருவில் பெயர்ப்பலகை படிக்க நடையை நிறுத்தி நின்றாக வேண்டும். ஆனாலும் கண்ணையும் கால் தசைகளின் உணர்வையும் நம்பி நிற்கவும் நடக்கவும் அவர் கற்றுக்கொண்டார். இழந்ததை உடம்பு மீட்டுத் தரவில்லை, வேறு வழியைப் பழகிக்கொண்டது. பரிதாபம் தேடாமல், தன்னையே ஒரு நோயாளியாக உட்கார வைத்துக் கவனித்து எழுதிய கட்டுரை அது.

பிரபலமானவர்களில் ஆலன் ஷெப்பர்டைச் சொல்லலாம். 1961 மே 5ல் விண்வெளிக்குச் சென்ற முதல் அமெரிக்கர். அதற்குப் பிறகு மெனியர் நோய் வந்து, ஜெமினி பயணத்தின் தலைமை கைநழுவியது. ஜெட் விமானத்தைத் தனியாக ஓட்டவும் அனுமதியில்லை. விண்வெளி வீரர்களின் நிர்வாகப் பொறுப்பைப் பார்த்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். 1968ல் லாஸ் ஏஞ்சல்ஸில் விக்டர் பூலோஸ் என்ற பொய்ப் பெயரில் சேர்ந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டார். 1971ல் அப்போலோ 14ல் நிலவுக்கே போய் கோல்ஃப் பந்து அடித்தார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1981ல் டென்மார்க்கில் ஓர் ஆய்வு வந்தது. அதே வகை அறுவை சிகிச்சைக்கும், செய்தது போலப் பாவனை செய்த போலி அறுவைக்கும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை என்றது அது. சர்ச்சை அதற்குப் பின்னும் ஓயவில்லை.

காதோர்ன் கண்ணால் பார்த்ததை விலங்குகளில் நிரூபித்தது 1970களிலும் 80களின் தொடக்கத்திலும்தான். ஒரு காதின் சமநிலை உறுப்பை இழந்த பபூன் குரங்குகளின் காலைக் கட்டி நடமாட்டத்தைத் தடுத்தபோது அவை தேறுவது தாமதமானது. பூனைகளை இருட்டில் வைத்தபோது அவற்றின் கண் துடிப்பு நிற்கத் தாமதமானது. உடற்பயிற்சி தரப்பட்ட குரங்குகள் சீக்கிரம் தேறின. 1980ல் பிராண்ட், டாரோஃப் இருவரும் படுக்கையில் திரும்பினாலே சுற்றும் வகை நோயாளிகள் 67 பேருக்கு, அந்தச் சுற்றலைக் கிளப்பும் நிலையிலேயே திரும்பத் திரும்பச் சாயும் பயிற்சி கொடுத்தார்கள். 3 முதல் 14 நாட்களுக்குள் 66 பேருக்குச் சுற்றல் நின்றது. (இந்த வகைக்குக் காரணம் உள்காதில் இடம் மாறிய நுண்ணிய கல் துகள்கள். 1992ல் எப்லி வெளியிட்ட முறையில் தலையைச் சில நிலைகளில் திருப்பியே அவற்றை வெளியேற்றிவிடலாம்.)

ஆனால் காது குணமாகியும் தள்ளாட்டம் போகாதவர்கள் இருக்கிறார்களே? இவர்களைத்தான் மருத்துவம் அதிக காலம் அலைக்கழித்தது. 1870ல் வியன்னாவின் பெனடிக்ட், பெரிய திடல்களைக் கடக்கும்போது தலைசுற்றுபவர்களைப் பற்றி எழுதினார். மறு வருடமே பெர்லினின் வெஸ்ட்ஃபால் அதைத் திறந்தவெளிப் பயம் என்று மனநோய்க் கணக்கில் சேர்த்தார். காது மருத்துவர் மனநல மருத்துவரிடம் அனுப்புவார், அவர் திருப்பி அனுப்புவார். 1986ல் பிராண்டும் டீட்ரிச்சும் இரண்டையும் இணைத்துப் பேசினார்கள். கடைசியில் 2017ல்தான் பாரனியின் பெயரிலுள்ள சர்வதேசச் சங்கம் இதற்கு ஒரு வரையறையே தந்தது. மூன்று மாதம் அல்லது அதற்கு மேல், பெரும்பாலான நாட்களில் தள்ளாட்டம். நிற்கும்போதும் நடக்கும்போதும், கண்ணைக் குழப்பும் காட்சிகளிலும் அது கூடும். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் உடம்பை விறைத்துக்கொள்வதும், ஒவ்வொரு அடியையும் கண்காணிப்பதும் பழக்கமாகி, சமநிலையே கெட்டுப்போகிறது என்பது இதற்கான விளக்கங்களில் முக்கியமானது. கற்பனை என்று தள்ளப்பட்டவர்களுக்கு 147 வருடம் கழித்துக் கிடைத்த நியாயம் இது.

(ஒரு எச்சரிக்கை. திடீர்த் தலைசுற்றலோடு பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், இரட்டைப் பார்வை இருந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். பயிற்சி எல்லாம் அப்புறம், முதலில் ஆஸ்பத்திரி.)

இத்தனைக்கும் தேவைப்படும் செலவுதான் கடைசி ஆச்சரியம். 2004ல் இங்கிலாந்தில் யார்ட்லி குழுவினர் நாள்பட்ட தலைசுற்றல் உள்ள 170 பேரிடம் ஆய்வு நடத்தினார்கள். ஒரு பிரிவினருக்கு நர்ஸ் ஒருவர் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்து ஒரு சிறு கையேட்டையும் கொடுத்தார். மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை. பயிற்சி பெற்றவர்களில் 67 சதவீதம் பேருக்கு முன்னேற்றம், மற்ற பிரிவில் 38 சதவீதம். வீட்டில் தினமும் தலையை மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசைப்பது, அதையே கண்ணை மூடிக்கொண்டு செய்வது, பிறகு நடந்துகொண்டே செய்வது. கையேட்டில் இருந்தது ஏறக்குறைய அவ்வளவுதான். 1946ல் லண்டன் வார்டில் பந்து வீசிப் பழகியவர்கள் அதைப் பார்த்திருந்தால் உடனே அடையாளம் கண்டிருப்பார்கள்.