குறுநேர வேலைத் திட்டம் (ஜெர்மனி)

வியாபாரம் தற்காலிகமாகச் சரியும்போது, ஆட்களை நீக்காமல் வேலை நேரத்தை மட்டும் குறைத்துக்கொள்ள நிறுவனங்களுக்கு வழிசெய்யும் ஜெர்மானிய ஏற்பாடு இது. அங்கே ‘குர்ட்ஸ்ஆர்பைட்’ என்பார்கள். நேரம் குறைந்ததால் இழந்த நிகரச் சம்பளத்தில் 60 விழுக்காடு, பிள்ளைகள் உள்ளவர்களுக்கு 67 விழுக்காடு, வேலையின்மைக் காப்பீட்டு நிதியிலிருந்து ஈடுசெய்யப்படும். வரி நுணுக்கங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், மாதம் 2,000 யூரோ வாங்கிய குழந்தையற்ற ஒருவரின் நேரம் பாதியானால் கைக்கு 1,600 யூரோ வரும். தொழிலாளரும் முதலாளியும் செலுத்தும் சந்தாதான் இந்த நிதியின் அடிப்படை. நூரம்பெர்க்கில் உள்ள கூட்டாட்சி வேலைவாய்ப்பு முகமை அதை நிர்வகிக்கிறது.

திட்டத்தின் வேர் 1910இல், பொட்டாஷ் சுரங்கத் தொழிலில் இருக்கிறது. உற்பத்திக்குச் சட்டம் வரம்பு விதித்தபோது வருமானம் குறைந்த தொழிலாளருக்கு அரசு ஈடு கொடுத்தது.

அதன் பெயர் உலகெங்கும் பரவியது 2009இல்தான். ஏற்றுமதி வீழ்ந்து, ஜெர்மானியப் பொருளாதாரம் 5 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியது. அவ்வாண்டு மே மாதம் சுமார் 15 லட்சம் பேர் இத்திட்டத்தில் இருந்தனர். உதவிக்கான கால வரம்பு 24 மாதமாக நீட்டப்பட்டது. வேலையின்மை விகிதமோ அதிகம் உயரவில்லை. பொருளாதாரம் அந்த அளவுக்குச் சரியாத அமெரிக்காவில் அது அக்டோபரில் 10 விழுக்காட்டைத் தொட்டது. இந்தப் பெருமை முழுவதையும் திட்டத்துக்கே கொடுத்துவிட முடியாது. நல்ல காலத்தில் கூடுதலாக உழைத்த மணிகளைக் கணக்கில் சேர்த்து, மந்தத்தில் கழித்துக்கொள்ளும் வழக்கமும் பல ஆலைகளில் கைகொடுத்தது. ஆனாலும் தேர்ந்த கைகளைத் தக்கவைத்திருந்த ஆலைகள், ஆர்டர் திரும்பியதும் புதிதாக ஆள் தேடிப் பழக்கவேண்டியிருக்கவில்லை.

கொரோனா முடக்கத்தின்போது, 2020 ஏப்ரலில், பயனாளிகள் 60 லட்சத்தை நெருங்கினர். நான்காம் மாதம் முதல் 70, ஏழாம் மாதம் முதல் 80 விழுக்காடு என உதவி உயர்த்தப்பட்டது. பிள்ளைகள் உள்ளவர்களுக்கு இன்னும் 7 கூடுதல். இதே நோக்கில் பிரிட்டன் 80 விழுக்காட்டுச் சம்பளத்தை, மாதம் 2,500 பவுண்டு வரை, தன் கருவூலத்திலிருந்து கொடுத்தது. 2021 செப்டம்பரில் நிறுத்தியது.

திரும்பி வரக்கூடிய வேலையைத்தான் இந்த ஏற்பாட்டால் காக்க முடியும். ஜெர்மனி ஒன்றிணைந்த பின் 1991இல், கிழக்குப் பகுதியில் லட்சக்கணக்கானோர் இதன்கீழ் வைக்கப்பட்டனர். அவர்களில் பலருக்கு வேலை நேரம் பூஜ்யம். சந்தையை இழந்த அவர்களுடைய ஆலைகள் பலவும் மூடப்பட்டன. காத்திருப்பு வேலையின்மையில் முடிந்தது.

இன்னொரு குறை மேலும் கொடுமையானது. ‘மினிஜாப்’ எனப்படும் சிறுவருமான வேலைகளில் இருப்போர் வேலையின்மைக் காப்பீட்டில் சேர்வதில்லை. அதனால் 2020இல் உணவகங்கள் மூடப்பட்டபோது, அங்கு பரிமாறியும் பாத்திரம் கழுவியும் வந்த இத்தகையோருக்கு இந்த உதவி கிடைக்கவில்லை. உலக அளவில் நிலைமை இன்னும் கடினம். உழைப்போரில் சுமார் 60 விழுக்காட்டினர் முறைசாரா வேலைகளில் இருப்பதாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018இல் கணக்கிட்டது. சம்பளப் பட்டியலிலோ காப்பீட்டிலோ பெயரே இல்லாதவருக்கு, இழந்த மணிகளை அளந்து ஈடுகொடுக்கும் வழி இத்தகைய திட்டத்தில் இல்லை.