திமில் மாடுகளின் பூர்வீகம்

உலகின் வளர்ப்பு மாடுகளைப் பொதுவாக இரு பிரிவாக்கலாம். திமிலும் தொங்கும் அலைதாடியும் உள்ள இந்திய நாட்டு மாடுகள் ஒரு பிரிவு; திமிலில்லாத ஐரோப்பிய மாடுகள் மற்றொன்று. இரண்டுக்கும் மூதாதை ஆரோக்ஸ் என்ற காட்டுமாடு. அதன் கடைசி உயிர் 1627இல் போலந்தில் மடிந்தது. ஏறத்தாழ 10,500 ஆண்டுகளுக்கு முன் மேற்காசியாவில்தான் மாடு பழக்கப்பட்டது, அங்கிருந்தே இந்தியாவுக்கும் வந்தது என்பது ஒரு சாராரின் கருத்தாக இருந்தது.

பலூசிஸ்தானிலுள்ள மெஹர்கர் இதில் ஐயம் எழுப்பியது. 1974 முதல் பிரெஞ்சுக் குழு தோண்டிய இவ்வூரின் எலும்புகளை ரிச்சர்ட் மெடோ ஆராய்ந்தார். அடி மண்ணடுக்குகளில் வேட்டை விலங்குகளின் எலும்புகளே மிகுதி. மேலே வர வர மாட்டெலும்புகள் பெருகின, அளவிலும் சிறுத்தன. காட்டுமாடு அங்கேயே தொழுவத்துக்கு வந்ததற்கு இது அடையாளம்.

1994இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள், தாய்வழி மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை ஒப்பிட்டனர். இந்திய, ஐரோப்பிய மாட்டு வம்சங்கள் பிரிந்து குறைந்தது 2 லட்சம் ஆண்டுகள் ஆகியிருந்தன. உழவுத் தொழிலுக்கோ சுமார் பத்தாயிரம் ஆண்டு வயதுதான். ஆகவே மனிதர் கைவைக்கும் முன்பே பிரிந்துவிட்ட இரு காட்டுமாட்டுக் கூட்டங்கள் தனித்தனியே பழக்கப்பட்டன என்று தெளிவானது.

ஆப்பிரிக்காவின் திமில் மாடுகளுக்கு மட்டும் தாய்வழி திமிலில்லாப் பிரிவைச் சேர்ந்ததாக இருந்தது. விடை தந்தைவழி வரும் ஒய் குரோமோசோமில் கிடைத்தது. இந்தியக் காளைகளில் அதன் இறுக்கமான கணு ஒரு முனையருகே அமைந்திருக்கும்; ஐரோப்பியக் காளைகளில் நடுப்பகுதியை ஒட்டியிருக்கும். நுண்ணோக்கியிலேயே தெரியும் இவ்வேறுபாடு, ஆப்பிரிக்கத் திமில் காளைகள் பல இந்திய வழியின என்று காட்டியது. வந்த காளைகள் உள்ளூர்ப் பசுக்களோடு கலந்திருந்தன. 67 பழங்கால மாடுகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, மேற்காசியாவிலும் சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி இதே கலப்பு பரவியதைக் கண்டது. அது கடும் வறட்சிக் காலம். வெயில் தாங்கும் காளைக்கு மதிப்பு கூடியிருக்க வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் இந்தியாவில் நாட்டு மாடுகளின் நிலை மாறியது. கவலை இறைப்பை பம்ப்செட்டும் ஏர் உழவை டிராக்டரும் எடுத்துக்கொண்டன. பாலுக்காக ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பினங்கள் பெருகின. காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர் போன்ற உழைப்பு மாடுகள் குறைந்தன. 1984இல் தொடங்கி இப்போது ஹரியானாவின் கர்னாலில் இயங்கும் தேசிய விலங்கு மரபுவள நிறுவனம் நாட்டினங்களைப் பதிவு செய்கிறது. மரபணுக் குறியீட்டுச் சோதனை கலப்பையும் நெருங்கிய உறவையும் காட்டிக்கொடுக்கும். சினை ஊசி வழியே ஒரே பொலிகாளை ஆயிரக்கணக்கான கன்றுகளுக்குத் தகப்பனாகிவிடும் என்பதால், எண்ணிக்கை குறைந்த இனங்களில் உறவு விலகிய காளைகளைத் தேர்ந்து உறைவிந்து சேமிக்க இச்சோதனை உதவுகிறது.