வட்டுக்கோட்டை செமினரி

வட்டுக்கோட்டை செமினரி, யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசனரிமார் 1823 முதல் 1855 வரை நடத்திய உயர்கல்விக் கூடம். சுதேச போதகர்களை உருவாக்கத் தொடங்கப்பட்டது. உருவாக்கியதோ பெரும்பாலும் அரசாங்க உத்தியோகத்தரையும் தமிழறிஞரையும்.

அமெரிக்கர் 1816-இல் யாழ்ப்பாணம் வந்தனர். ஆட்சி பிரித்தானியருடையது என்பதால் அமெரிக்கர்மீது கொழும்பு அரசுக்கு ஐயம் இருந்தது. 1820-இல் வந்த அச்சுக்காரர் ஜேம்ஸ் காரட்டை ஆளுநர் பார்ன்ஸ் தீவில் தங்க விடவில்லை. ஆட்சியும் மிசனும் ஒரே கை என எழுதுவோர் இதைக் கண்டுகொள்வதில்லை.

செமினரி அமைந்தது போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துத் தேவாலய வளவில். முதல் அதிபர் டானியல் பூவர். மாணவருள் வேளாளரே மிகுதி. கிறித்தவ வளவில் சமைத்ததை அவர்கள் உண்ண மறுக்கவே, அயற்காணியில் சமையற்கூடம் அமைந்தது. பிள்ளைகளுக்கு அமெரிக்கப் பெயர்கள் இடப்பட்டன. அவற்றுள் பல, பணம் உதவியோரின் பெயர்கள். சார்ல்ஸ் வின்சுலோ என்று பெயர் பெற்ற மாணவர் தாமோதரம்பிள்ளைக்குச் சிறுப்பிட்டி ஊரும் தந்தை வைரவநாதரும் அதே முன்னெழுத்துகளுக்குப் பொருந்தி, ‘சி. வை.’ என்பதே நிலைத்தது.

பாடங்களுள் வானியலுக்குத் தனி மதிப்பு. 1829-இல் நிகழவிருந்த சந்திரகிரகணத்துக்கு அராலி விசுவநாத சாஸ்திரியார் பஞ்சாங்கத்தில் குறித்த கணக்குப் பிழையென்று பூவர் முன்கூட்டியே அறிவித்தார். கிரகணத்தன்று பூவர் கணக்கே சரியாயிற்று. புராணப் பூகோளத்தின் பிடி அன்று தளர்ந்தது என்று மிசன் கருதியது. ஆனால் பஞ்சாங்கம் எந்த வீட்டிலிருந்தும் போகவில்லை. அடுத்த அதிபர் ஹொய்சிங்டனே 1848-இல் இந்து வானியல் பற்றி நூல் வெளியிட்டார். பின்னர் சிவஞானபோதத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். திருத்த வந்தவர் கற்றுக்கொண்டு போனார் என்பதே பொருத்தம்.

1841-இல் ‘உதயதாரகை’ இதழை நடத்திய ஹென்றி மாட்டின், சேத் பேசன் இருவரும் இங்குப் படித்தவர்கள். தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள். தாமோதரம்பிள்ளை பின்னாளில் சைவராக வாழ்ந்து, 1887-இல் கலித்தொகையைப் பதிப்பித்தார்.

ஆங்கிலக் கல்வி போதகரைத் தராமல் எழுதுவினைஞரைத் தருகிறது என்று, மிசனரிமாரை அனுப்பிய அமெரிக்க வாரியம் முடிவு செய்தது. அதன் செயலர் ரூபஸ் அண்டர்சன் நேரில் வந்து சென்றதையடுத்து 1855-இல் செமினரி மூடப்பட்டது. ஆங்கிலம் வேண்டுமென்று கேட்டவர்கள் யாழ்ப்பாணத்தார், வேண்டாமென்றவர்கள் மிசனரிமார்.

உடுவில் பெண்கள் பாடசாலை (1824), மானிப்பாயில் மருத்துவர் கிறீன் தமிழில் நடத்திய மருத்துவக் கல்வி ஆகியவை இதே மிசனின் பிற பணிகள். செமினரி இருந்த இடத்தில் 1872-இல் தொடங்கிய யாழ்ப்பாணக் கல்லூரி இன்றும் நடைபெறுகிறது.